டிராக்டரில் ஏன் ஒருவருக்கு மட்டுமே இடம்?

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி, வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என்று பிரிந்து வயல் வாய்க்காலை எட்டும் நாள்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உழவு டிராக்டர்களுக்கு ஓய்வே இராது. அதே நாள்களில் செய்தித்தாள்களின் உள்ளூர்ப் பக்கங்களில் ஒரே மாதிரியான சிறு செய்திகள் வரத் தொடங்கும். வரப்பில் ஏறிய டிராக்டர் மல்லாந்து ஓட்டுநர் பலி. மட்கார்டில் உட்கார்ந்து சென்ற சிறுவன் தவறி விழுந்து பலி. டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து இருவர் காயம்.

கேள்விகள் அதன் பிறகுதான் கிளம்புகின்றன. கார் ஓட்டும் உரிமம் வைத்திருந்தவர் டிராக்டர் ஓட்டலாமா? டிரெய்லரில் வந்த நடவு ஆட்களுக்குக் காப்பீடு உண்டா? இரண்டு டன் எடையுள்ள வண்டி எப்படிப் பின்பக்கமாகக் கவிழும்? டீக்கடையில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பாதி பதில்கள் தவறாக இருக்கும்.

டிராக்டர் என்பது ஒரே ஒருவர் அமர்ந்து, வயலில் மெதுவாக வேலை வாங்குவதற்காகக் கட்டப்பட்ட இயந்திரம். அதன் எடை பரவியிருக்கும் விதம், பிரேக், பதிவுச் சான்று, காப்பீட்டு ஒப்பந்தம் எல்லாம் இந்த ஓர் ஆள் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. மேற்கண்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டத்தின் கண்ணில் டிராக்டர்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தானாகச் சுமை ஏற்றிச் செல்வதற்காகக் கட்டப்படாத மோட்டார் வாகனம் என்றே டிராக்டரை வரையறுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனம் அல்லாத வகையில் வைக்கின்றன. சரக்கு லாரிக்கு உரிய பர்மிட் போன்ற கெடுபிடிகள் இதற்கு இல்லாமல் இருப்பது அதனால்தான். சலுகை விவசாய வேலைக்குத் தரப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல சிக்கல்கள் எளிதில் புரியும்.

பின்னால் மாட்டும் டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், காப்பீட்டிலும் தனியாகச் சேர்க்க வேண்டும். டெல்டாவில் ஓடும் டிரெய்லர்களில் எத்தனைக்குப் பின்னால் பதிவெண் எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் கொள்முதல் நிலைய வாசலில் நின்று பார்த்தால் போதும், நிலைமை விளங்கிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை என்ற இடத்தில் டிராக்டருக்கு 1 என்றுதான் இருக்கும். மட்கார்டு இருக்கை அல்ல.

முன்சக்கரம் ஏன் தூக்குகிறது?

டெல்டாவில் சேற்றுழவின்போது நேரும் மரணங்களைப் புரிந்துகொள்ள டிராக்டரின் கட்டமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

45 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஏறக்குறைய 2 டன் எடை இருக்கும். இரு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின் மேல் இருக்கும்; மீதிதான் முன்சக்கரத்தில். உழவுக்கு இது நல்லது, பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆனால் எஞ்சினின் விசை பின் அச்சைச் சுழற்ற முயலும்போது, அதே அளவு விசை வண்டியின் உடலை எதிர்த்திசையில் சுழற்றவும் முயல்கிறது. சக்கரம் உருளும் வரை பிரச்சினை இல்லை, விசை வண்டியை முன்னால் நகர்த்திவிடும். சக்கரம் உருள முடியாமல் சேற்றில் இறுகிவிட்டால் என்ன ஆகும்? அச்சு சுற்றாது. அச்சைச் சுற்றி டிராக்டரே சுற்றும். முன்சக்கரம் தரையை விட்டு எழும், எஞ்சின் வானம் பார்க்கும், அப்படியே பின்பக்கம் மல்லாந்துவிடும்.

இதற்கு ஆகும் நேரம் சுமார் ஒன்றரை வினாடி. அதில் முக்கால் வினாடி கடந்த பிறகு கிளட்ச்சை மிதித்தாலும் பயனில்லை. எடை மையம் பின் அச்சைத் தாண்டிப் போயிருக்கும். ஆபத்தை உணர்ந்து காலை அசைக்க மனிதனுக்குத் தேவைப்படும் நேரமும் ஏறக்குறைய அதே முக்கால் வினாடிதான். அனுபவசாலி ஓட்டுநர்களும் இதில் சிக்குவதன் காரணம் இந்தக் கணக்கு.

டெல்டாவில் இந்த ஆபத்தைக் கூட்டும் பொருள்கள் மூன்று.

1. கேஜ் வீல். சேற்றில் டயர் வழுக்காமல் இருக்கப் பின்சக்கரத்தோடு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம். சமமான தாக்கில், அதாவது வரப்புகளுக்கு இடைப்பட்ட வயல் துண்டில், இது அருமையான சாதனம். வரப்பு ஏறும்போது அதே குணம் எதிரியாகிறது. வெறும் டயராக இருந்தால் பிடிமானம் போதாமல் வழுக்கிச் சுற்றும், வண்டி தூக்காது. இரும்புப் பற்கள் வரப்பு மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்; விசை முழுவதும் வண்டியைத் தூக்குவதற்குப் போகும்.

2. தூக்கி வைத்த ரோட்டவேட்டர். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி இது. சில நூறு கிலோ எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன்சக்கரத்தின் மேல் இருந்த எடை அந்த அளவுக்குக் குறைகிறது. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது போலத் தோன்றினால் அது வசதி அல்ல, எச்சரிக்கை. முன்பக்கம் மாட்டியிருக்கும் எடைக் கட்டிகளைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

3. சக்கரத்தில் கட்டும் கட்டை. புதைந்த டிராக்டரை வெளியேற்றப் பின்சக்கரத்துக்கு முன்னால் பனங்கட்டையைக் கொடுத்தோ, சக்கரத்தோடு சேர்த்துக் கட்டியோ முறுக்குவது நாட்டு வழக்கம். இந்த மூன்றில் மிகக் கொடியது இது. சக்கரம் சுழலாதபடி நாமே பூட்டுப் போட்டுவிட்டு எஞ்சினை முறுக்குகிறோம்.

புதைந்துவிட்டால் செய்யவேண்டியது வேறு. முதலில் பின்னோக்கி எடுக்க முயல வேண்டும். பின்னோக்கிப் போகும்போது விசை முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும், வண்டி மல்லாக்காது. முடியாவிட்டால் ரோட்டவேட்டரைக் கழற்றி எடையைக் குறைத்துவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை மண்வெட்டியால் வெட்டிச் சரிவாக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு டிராக்டர். இழுக்கும் டிராக்டரிலும் சங்கிலியைப் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க்கிலோ (உழவுக் கருவியின் மேற்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் தண்டு) அச்சுக்கு மேலேயோ மாட்டினால், காப்பாற்ற வந்த டிராக்டரும் மல்லாக்கும்.

வரப்பைக் கடப்பதற்கும் இதே விதிதான். செங்குத்தான ஏற்றமென்றால் பின்னோக்கி ஏறுவது, முன்னோக்கி இறங்குவது. கிளட்ச்சைப் படக்கென்று விடாமல் மெல்ல விடுவது. அதைவிட நல்லது, தாக்குக்குத் தாக்கு மண்ணைக் கொட்டிச் சரிவான வண்டிப் பாதை ஒன்றை விட்டுவைப்பது. நிலத்துக்காரர் செய்யவேண்டிய வேலை இது. செலவு இரண்டு ஆள் கூலி.

தலைக்கு மேல் ஒரு சட்டகம்

கவிழ்ந்த டிராக்டரின் அடியில் ஓட்டுநர் நசுங்காமல் இருக்க, இருக்கைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உறுதியான எஃகுச் சட்டகம் ஒன்று உண்டு. ஸ்வீடன் நாடு 1959இலேயே புதிதாக விற்கும் டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. இன்று பல நாடுகளில் இது இல்லாமல் டிராக்டரே கிடையாது. நம் வயல்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் வெயிலுக்கான தகரக் கூரை இருக்கிறது, இந்தச் சட்டகம் இல்லை. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. கூரை வெயிலைத் தடுக்கும். இரண்டு டன்னைத் தாங்காது.

ஒரு நுணுக்கம்: சீட் பெல்ட் சட்டகம் உள்ள டிராக்டரில் மட்டுமே அணிய வேண்டியது. சட்டகத்துக்குள் ஓட்டுநரைப் பிடித்துவைப்பது பெல்ட்டின் வேலை. சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் போட்டால் தப்பிக் குதிக்கும் கடைசி வாய்ப்பும் போய்விடும்.

கரைச் சாலையும் களிமண்ணும்

டெல்டாவின் சாலைகளில் கணிசமானவை ஆற்றங்கரைகளும் வாய்க்கால் கரைகளும்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளமான வயல், நடுவே ஒரு வண்டி போகும் அகலம். தடுப்புச் சுவர் இராது.

இங்குள்ள கனத்த களிமண் கோடையில் காய்ந்து சுருங்கிக் கையை நுழைக்கும் அளவுக்கு வெடிக்கும். ஜூன் மாதத் தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாகத்தான் கரையின் ஓரத்துக்குள் இறங்குகிறது. மேலே புல் மூடிப் பார்வைக்கு உறுதியாக இருக்கும் கரையின் விளிம்பு உள்ளுக்குள் ஊறி இளகியிருக்கும். சைக்கிளைத் தாங்கும் ஓரம் டிராக்டரின் பின்சக்கரத்தைத் தாங்காது. கேஜ் வீல் மாட்டியிருந்தால் வண்டியின் அகலமும் கூடுகிறது. ஓட்டுநர் பழக்கத்தில் டயரின் இடத்தை மனத்தில் வைத்து ஓட்டுவார், இரும்போ அதற்கு வெளியே, விளிம்பின் மேல் உருண்டுகொண்டிருக்கும்.

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து விலகி ஓட்ட வேண்டும். ஐந்தடி ஆழ வாய்க்கால் என்றால் ஐந்தடி. அந்த அளவு இடம் இல்லாத கரையில் டிராக்டர் போகக்கூடாது என்பதே அதன் பொருள். சுற்றுவழி இருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். வாய்க்காலில் கவிழும் டிராக்டரில் அடிபடுவது மட்டுமல்ல, வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சுத் திணறி இறக்கும் ஆபத்தும் உண்டு.

பிரேக்கையும் இங்கே சொல்ல வேண்டும். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல்கள். வயலில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்து வண்டியைச் சுருக்கமாகத் திருப்புவதற்கான ஏற்பாடு இது. சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டுவிட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். கொண்டி துருப்பிடித்து அசையாமல் கிடக்கும் டிராக்டர்கள் நிறைய.

டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது. 40 கிலோ நெல் மூட்டை 100 ஏற்றினால் 4 டன். டிரெய்லரின் எடை வேறு. 2 டன் டிராக்டரின் பின்சக்கர பிரேக் அவ்வளவையும் நிறுத்த வேண்டும். பாலத்து இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போய் மடக்கிவிடும்.

துண்டு, சேலை, பி.டி.ஓ.

எஞ்சின் விசையை ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், நீரிறைக்கும் பம்பு ஆகியவற்றுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. என்ற சுழல்தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. வினாடிக்கு 9. வேட்டி முனையோ தோளில் தொங்கும் துண்டோ தண்டில் பட்டால் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். துணி கிழிந்தால் தப்பலாம். தோளோடு கட்டிய துண்டும், இடுப்பில் இறுக்கிய சேலையும் கிழிவதில்லை.

டிராக்டரோடு வரும்போது இந்தத் தண்டுக்கு மேல் ஒரு உறை இருக்கும். கிரீஸ் அடிக்கத் தொந்தரவாக இருக்கிறது என்று முதல் ஆண்டிலேயே கழற்றப்படும் பாகம் அதுதான். கத்திகளில் வைக்கோல் சுற்றிக்கொண்டால், எஞ்சினை முழுவதும் அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கீழே குனிய வேண்டும். லிவரைத் தள்ளிவிட்டோம் என்ற நம்பிக்கையில் கையை விட்டவர்கள் டெல்டா கிராமம் ஒவ்வொன்றிலும் இருப்பார்கள், அரைக் கையோடு.

உழும் டிராக்டரின் பின்னால் மீன் பொறுக்க ஓடும் சிறுவர்களை விரட்டுவதும் ஓட்டுநரின் வேலைதான். கொக்குக்கு விலகத் தெரியும்.

ஏறிக்கொள்பவர்களும் காப்பீடும்

மக்கள் மிகவும் குழம்புவது இங்கேதான்.

வாகனக் காப்பீட்டில் சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபர் காப்பீடு. அந்த வாகனத்தால் வெளியாருக்கு ஏற்படும் இழப்புக்கானது. சாலையில் நடந்துபோனவர் மேல் டிராக்டர் மோதினால் அவருக்கு இழப்பீடு உண்டு. மட்கார்டில் ஏறிக்கொண்டவர் அந்த வகையில் வருவதில்லை. ஒருவருக்கு மட்டும் இருக்கை உள்ள வண்டியில் பயணி என்று ஒருவர் இருக்கவே முடியாது என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வாதம். நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதை ஏற்கின்றன. 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், விவசாயப் பயன்பாட்டுக்கென்று காப்பீடு செய்த டிராக்டர், செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்றது. அதில் இருந்த தொழிலாளி விழுந்து காயமடைந்தார். டிரெய்லர் காப்பீட்டில் இல்லை, வேலையும் விவசாயம் அல்ல, ஆகவே நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கூறியது. தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, பணத்தை முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

கொடுத்துவிட்டு வசூலிக்கும் இந்த முறையைப் புரிந்துகொள்வது முக்கியம். காப்பீட்டு ஒப்பந்தத்தை மீறிய விபத்துகளில் நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது உண்மைதான். அடுத்து உரிமையாளரின் வீட்டுக்கு வரும் வசூல் நோட்டீசைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இழப்பீடு லட்சங்களில் இருக்கும். நிலத்தை விற்றுக் கட்டவேண்டிய நிலையும் வரும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவுகள்:

1. விவசாயக் காப்பீட்டோடு மணல், செங்கல், ஜல்லி வாடகைக்கு அடிப்பது ஒப்பந்த மீறல். அப்படி ஓட்டுவதானால் காப்பீட்டையும் பதிவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

2. கோயில் திருவிழாவுக்கும் பெண் அழைப்புக்கும் டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது எந்தக் காப்பீட்டிலும் அடங்காது.

3. நடவு ஆட்களும் மூட்டை ஏற்றும் தொழிலாளர்களும் உரிமையாளரின் ஊழியர்கள் என்ற வகையில் காப்பு பெற, அதற்கென்று கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று முகவரிடம் விரலை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். இருந்தாலும் மட்கார்டு பாதுகாப்பான இடமாகிவிடாது.

4. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்தான் கிடைக்கும். கூலிக்கு ஓட்டும் டிரைவருக்கு அது பொருந்தாது. அவருக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

உரிமம், வயது, மது

7,500 கிலோவுக்கு மிகாத வெற்று எடை கொண்ட டிராக்டர் இலகுரக மோட்டார் வாகன வகையில் அடங்கும். ஆகவே கார் ஓட்டுவதற்கான இலகுரக உரிமமே போதும். டிரெய்லர் மாட்டியதால் டிராக்டர் வேறு வண்டியாகிவிடாது, உரிமமும் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே தீர்ப்பளித்தது. இலகுரக உரிமத்தின் எல்லை பற்றி நீண்டகாலம் இருந்த குழப்பத்தை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 7,500 கிலோ வரம்பை உறுதிசெய்து தீர்த்துவைத்தது.

இரு சக்கர வாகன உரிமம் போதாது. இது பலருக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் செய்தி.

18 வயது நிறையாத பையன் பொதுச் சாலையில் டிராக்டர் ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பத்தாவது படிக்கும் மகன் டிராக்டர் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்லும் தந்தைகள் இதைப் படித்துவிட்டுச் சொல்லலாம்.

மதுவுக்கான வரம்பு காருக்கு என்னவோ அதுதான்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

ஊராரின் சாலை

கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. போன மாதம் போட்ட ஊராட்சிச் சாலையில் இரண்டு வரிசைப் பல் தடம் விழுந்திருந்தால், அந்தத் தடத்தில் மழைநீர் இறங்கி அடுத்த ஐப்பசிக்குள் பள்ளமாகிவிடும். வயலுக்குப் போய் மாட்டிக்கொள்வதற்கு அரை மணி நேரம் ஆகிறது என்பது ஓட்டுநர் தரப்பு நியாயம். நியாயமான தீர்வும் இருக்கிறது: கேஜ் வீல்களை டிரெய்லரில் ஏற்றிப் போய் வயலோரம் மாட்டலாம், அந்த அரை மணி நேரக் கூலியையும் உழவுக் கட்டணத்தில் சேர்த்துக் கேட்கலாம். கொடுக்கத் தயங்கும் நிலத்துக்காரரும் சாலை கெட்டதில் பங்காளிதான்.

டயரோடு வரும் சேற்றுக் கட்டிகள் இன்னொன்று. வளைவில் விழும் ஒரு கட்டி, தூறல் பட்டதும் இரு சக்கர வண்டிக்காரரைச் சாய்க்கப் போதும். வயலை விட்டுச் சாலையேறும் முன் மண்வெட்டியால் தட்டிவிட ஐந்து நிமிடம் பிடிக்கும்.

இரவில் விளக்கில்லாத டிரெய்லர் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் வைக்கோல் போர் ஏற்றி, பின்விளக்கை வைக்கோலே மறைத்துக்கொண்டு, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளுக்கு அடியில் போவதும் நடக்கிறது. ஒளிரும் நாடா ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளை டீசல் காசுகூட இல்லை. காதைக் கிழிக்கும் பாட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் பல ஆயிரம் செலவழிக்கிறார்கள். பின்னால் ஒருவன் விழுந்து அலறினாலும் கேட்காது.

தவணையும் தூக்கமும்

விதிகள் தெரிந்திருந்தும் ஏன் மீறுகிறார்கள்? அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

டிராக்டர் கட்டுப்படியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரம் ஓட வேண்டும் என்பது வேளாண் பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஒரு வேலி நிலம் வைத்திருப்பவர், அதாவது ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக உள்ளவர், குறுவையும் தாளடியும் சேர்த்துத் தன் நிலத்தில் மட்டும் ஓட்டினால் அதில் பத்தில் இரண்டு பங்கை எட்டுவதே பெரிய காரியம். மீதியை வாடகை உழவில்தான் தேட வேண்டும். வாடகை உழவோ தண்ணீர் வரும் இரண்டு மூன்று வாரங்களில் மொத்தமாகக் குவிகிறது. அந்த வாரங்கள் எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. 2022இல் மேட்டூர் மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. வங்கித் தவணை தேதி மட்டும் மாறுவதில்லை.

ஆகவே தண்ணீர் வந்த வாரத்தில் ஒரே ஓட்டுநர் பகலெல்லாம் உழுது, இரவும் விளக்குப் போட்டு உழுகிறார். மூன்றாம் இரவில், விடியற்காலையில், தாக்கு மாறும்போது பின்னோக்கி ஏறவேண்டிய வரப்பில் அவசரத்துக்கு முன்னோக்கி ஏறுகிறார். முக்கால் வினாடி என்று மேலே சொன்னது நன்றாகத் தூங்கி எழுந்த மனிதனுக்கான கணக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், பட்டியலின விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று தொகை வரம்புக்கு உட்பட்ட மானியமும் உண்டு. விலை குறைகிறது என்பதற்காக வாங்குபவர், உழவு நேரம் கூடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் டிராக்டர்கள் பெருகினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மணி நேரம் குறையும், இரவு உழவுக்கான நெருக்கடி கூடும். ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரோ, நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவதோதான் நிதானமான வழி என்று படுகிறது. வாங்கியே தீருவது என்றால் பருவ நாள்களுக்கு இரண்டாவது ஓட்டுநரின் கூலியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய டிராக்டர் கைமாறும்போது

டெல்டாவில் டிராக்டர்கள் பெரும்பாலும் கைமாறித்தான் ஓடுகின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு.

விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை மாற்ற வாங்கியவர் 14 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் பெயர் மாறாது. அந்தச் சான்றைக் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். டிரெய்லருக்கும் இதே நடைமுறை தனியாக உண்டு. வண்டியைப் பார்க்கப் போகும்போது டயர் தேய்மானத்தோடு பி.டி.ஓ. உறை, பிரேக் கொண்டி, முன் எடைக் கட்டி மூன்றும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவற்றை வாங்கிப் பொருத்தும் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.